காற்றின் மீது போட்ட பழி

எலுமிச்சம்பழத்துக்கு வந்த வாழ்வைப் பார்த்துத் தங்கமே பொறாமைப்பட்ட காலம் அது. மழை தன் இஷ்டத்துக்கு வந்து தன் இஷ்டத்துக்குப் போகத் தொடங்கியதில் நாட்டில் பாதித் தோப்புகள் பட்டுப்போயின. புதுக் கார் வாங்கியவர்கள் சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்க வக்கில்லாமல் எலுமிச்சை வாசனை சோப்பை வைத்து ஏற்றினார்கள். மந்திரியைப் பார்க்கப் போனவர்கள் பழத்தின் படத்தை நீட்டினார்கள். மந்திரியும் மரியாதை தெரிந்தவர். படத்தை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, நாட்டுப் பழம் நாட்டுப் பழம்தான் என்றார்.

அப்பேர்ப்பட்ட பழத்துக்குச் சொறி நோய் வந்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? இலையிலும் பழத்திலும் மஞ்சள் வளையம் போட்ட பழுப்புப் புள்ளிகள் விழும். அதைச் செய்வது ஒரு பாக்டீரியா. அந்தக் கிருமி எந்தத் தோப்பில் பிறந்தது, எந்தத் தோப்புக்குக் குடிபோனது என்று துப்புத் துலக்குவதற்காகவே ஒரு சட்டம் போட்டு, ஒரு பெட்டியும் செய்தார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நோய் விழுந்த இலையைக் கிள்ளிப் போட்டால், ஒரு காபி ஆறுவதற்குள் கிருமியின் டி.என்.ஏ. கைரேகையை எடுத்து, அது இன்னார் தோப்புக் கிருமி, இன்ன வருஷத்துக் கிருமி என்று சொல்லிவிடும்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள சுனைப்பாறைக்கு வந்தவள் டாக்டர் மங்கையர்க்கரசி. கும்பகோணத்துக்காரி. மனிதர்கள் சொல்வதில் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. "கிருமி பொய் சொல்லாது" என்பதை ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பெட்டி வந்ததிலிருந்து ஊர் மாறிப்போனது. தன் தோப்புக் கிருமி தன் செருப்பில் ஏறி அடுத்தவன் தோப்பில் இறங்கிவிட்டால் மாட்டிக்கொள்வோமே என்று, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்திவிட்டார்கள். துட்டி கேட்க வந்தவர்கள் தெருவில் நின்றபடியே அழுதுவிட்டு, செத்தவரின் நற்குணங்களைக் கைபேசியில் அனுப்பிவைத்தார்கள். பத்துப் பொருத்தமும் பிரமாதமாக அமைந்த ஒரு சம்பந்தம், இரண்டு வீட்டுத் தோப்புக் கிருமிகளும் பொருந்தவில்லை என்று முறிந்தது. மாப்பிள்ளை அழகாக இருக்கிறாரா என்று கேட்ட காலம் போய், பூட்ஸைக் கழுவுகிறாரா என்று கேட்டார்கள்.

இவ்வளவு கட்டுக்காவலுக்கு நடுவிலும் கிருமி ஒரு வேலை காட்டியது.

ஊருக்கு வடக்கே வரிசையாக மூன்று தோப்புகள். வடக்குத் தோப்பு சங்கரபாண்டியனுடையது. தெற்குத் தோப்பு கோமதிநாயகத்துடையது. இருவரும் மச்சான், மாப்பிள்ளை. சங்கரபாண்டியனின் தங்கை உலகம்மாள்தான் கோமதிநாயகத்தின் மனைவி. நடுவில் இருக்கும் தோப்பு உலகம்மாளுடையது. அவளுடைய அப்பா சீதனமாக வைத்துக் கொடுத்தது.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சாதாரணமானது அல்ல. சங்கரபாண்டியனின் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பால் விட்ட சொதிக் குழம்புச் சாப்பாடு. வீட்டு மாப்பிள்ளை கோமதிநாயகம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். சொதி வந்தது. இஞ்சிப் பச்சடி தீர்ந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் ஒருவருக்குச் சொதி ஊற்றுவதைவிட, அவர் தலையிலேயே சொதியை ஊற்றிவிடலாம். இலையை மூடிவிட்டு எழுந்தார் கோமதிநாயகம். மூடின இலையை மதியாமல் சங்கரபாண்டியன் ஏதோ சொன்னார். அன்றைக்குப் பிடித்தது சனி. ஊரில் இரண்டு கட்சி, இரண்டு டீக்கடை, ஏன், தபால்காரருக்கே இரண்டு சைக்கிள் என்று ஆகிவிட்டது. உலகம்மாளைப் பிறந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று புருஷன் சொல்லிவிட்டார். தங்கையை அழைக்க மாட்டேன் என்று அண்ணனும் சொல்லிவிட்டார்.

இப்போது என்னவென்றால், வடக்குத் தோப்புக் கிருமி தெற்குத் தோப்பில் இருக்கிறது. தெற்குத் தோப்புக் கிருமி வடக்குத் தோப்பில் இருக்கிறது. நடுவில் உலகம்மாள் தோப்பில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. ஆனால் வெட்டப்போவது அவள் தோப்பைத்தான்.

சட்டம் அப்படி. கிருமியை ஒரு மனிதன் கொண்டுபோனது என்று தெரிந்தால், அந்நியக் கிருமி ஏறிய மரத்தை மட்டும் வெட்டினால் போதும். ஆள் தெரியாவிட்டால் காற்று கொண்டுபோனதாகக் கணக்கு. அப்படியானால் காற்று கடந்த பாதையில் உள்ள மரம் முழுவதையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோப்புச் சபை கூடி முடிவு சொல்லும்.

மங்கை இதைச் சொல்லப் போனபோது உலகம்மாள் மரத்தடியில் குனிந்து, சந்தேகத்துக்கு ஒரு புள்ளி விழுந்த இலையைக்கூட விட்டுவைக்காமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். அழவில்லை. பெட்டியைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தினிக்காணு பொட்டி. அதுக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா, எது எங்க அண்ணன் தோப்புக் கிருமி, எது எங்க வீட்டுக்காரக தோப்புக் கிருமின்னு?"

"பார்வைக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆனா உள்ளே டி.என்.ஏ.ன்னு ஒரு நூல் இருக்கு. அதுல சில துண்டு அங்கங்க திரும்பத் திரும்ப வரும். எந்தெந்த இடத்துல வருதுங்கிறது கிருமிக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பெட்டி அந்த இடைவெளியை எல்லாம் கோடு கோடா பிரிச்சுக் காட்டும்."

"சேலக்கரையப் பாத்து இது இந்தத் தறின்னு சொல்லுத மாதிரியா?"

"அதேதான். ஒவ்வொரு வருஷமும் கரையில ஒரு கோடு கூடும், ஒரு கோடு நகரும். அதை வச்சு எந்த வருஷத்துக் கிருமின்னும் சொல்லிடலாம்."

"அப்போ எந்தோப்புல ஒண்ணும் இல்லன்னும் அதுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றாள் மங்கை. காற்றில் போயிருந்தால் நடுத்தோப்பில்தான் முதலில் விழுந்திருக்கும். ஆனால் சட்டம் எழுதியவர்களுக்குக் காற்று என்றால் மின்விசிறிதான் தெரியும். அவள் எழுதிக் கேட்டதற்கு, கிருமி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் என்று பதில் எழுதிவிட்டார்கள். நான்தான் கொண்டுபோனேன் என்று ஒரு ஆள் சபையில் வாயைத் திறந்து சொன்னால் ஒழிய வழியில்லை.

உலகம்மாள் கிள்ளிய இலைகளைப் பைக்குள் போட்டுக் கட்டினாள். வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ கனமாக இருமினார்கள். அவள் கை ஒரு நொடி நின்றது.

"எங்க அண்ணன். இன்னும் அந்தச் சுக்கு வாங்கிப் போடல போல." பிறகு மெதுவாக, "இந்தத் தோப்பு போச்சுன்னா இந்த இருமலும் கேக்காது" என்றாள்.

கும்பகோணத்தில் மங்கைக்கும் ஒரு அண்ணன் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கைபேசியில் கேக் படம் அனுப்புவான்.

அன்றைக்கே இரண்டு ஆண்களையும் போய்ப் பார்த்தாள். கோமதிநாயகம் ஒல்லி; பக்கத்தில் நின்றால் அவர் எது, அவருடைய குடை எது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தன் நிழல் வடக்குத் தோப்புப் பக்கம் சாய்ந்தால் நிழலை வெட்டிப் போட்டுவிடுவேன் என்றார். சங்கரபாண்டியன் நல்ல பருமன். அவர் கட்டிலில் புரண்டால் அணைக்கட்டில் நீர்மட்டம் ஓர் அடி ஏறும். தெற்குத் தோப்பில் உட்கார்ந்த காக்கையைக் குளிப்பாட்டாமல் தன் மரத்தில் உட்கார விடுவதில்லை என்றார். உலகம்மாள் தோப்பு போய்விடுமே என்று மங்கை சொன்னபோது மட்டும் இரண்டு பேருமே, தனித்தனி இடத்தில், தனித்தனி நேரத்தில், ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

மங்கைக்கு அந்தத் தரை பார்த்தல் பிடிக்கவில்லை. மறுபடி தோப்புக்குள் இறங்கினாள். அந்நியக் கிருமி இரண்டு தோப்பிலும் ஒவ்வொரு மரத்தில்தான் இருந்தது. இரண்டுமே மோட்டார் அறைக்குப் பக்கத்து மரம். அதிலும் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்துக் கிளைகள் மட்டும்.

கிளைக்கு ஒரு இலையாகப் பெட்டியில் போட்டாள். திரையில் கோடுகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. முதலில் பெட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தட்டிப் பார்த்தாள். ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரு கரைபோல இன்னொரு கரை இல்லை. வருஷா வருஷம் அரசாங்கம் எடுத்துவைத்திருந்த பழைய கிருமி ரேகைகளோடு ஒப்பிட்டபோது விஷயம் விளங்கியது. வடக்குத் தோப்புக் கிருமி ஒவ்வொரு வருஷமும் எப்படியெல்லாம் மாறியதோ, அந்த மாற்றம் அத்தனையும் தெற்குத் தோப்பின் அந்த ஒற்றை மரத்தில் குடியிருந்தது. வடக்கிலும் அப்படியே, தெற்கத்திக் கிருமிகள் வகைக்கு ஒன்றாக. வறட்சியில் இத்தனை நாள் தூங்கிக் கிடந்தவை, இந்த வருஷத்துத் தப்பு மழையில் ஒன்றாக எழுந்துகொண்டன.

ஒரே தடவை வந்து ஒட்டிக்கொண்ட கிருமி என்றால் இவ்வளவு ரகம் இருக்காது. யாரோ வந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப, வருஷக்கணக்கில், இரண்டு பக்கமிருந்தும்.

வெள்ளிக்கிழமை எலுமிச்சை மண்டி முற்றத்தில் சபை கூடியது. சபைத் தலைவர் மண்டிக்காரர் காசிம்பாவா. ஈ புகுந்தால் மூச்சு முட்டிச் சாகும் அளவுக்குக் கூட்டம். வடக்குக் கட்சி ஒரு பக்கம், தெற்குக் கட்சி ஒரு பக்கம், நடுவில் பதினோரு வருஷத்துப் பகை கால் நீட்டிப் படுத்திருந்தது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உலகம்மாள்.

மங்கை பெட்டியோடு எழுந்திருக்கப் போனாள். அதற்குள் கோமதிநாயகம் எழுந்துவிட்டார்.

"காத்து மேல பழியப் போடாதீங்க. நாந்தான் செஞ்சேன். அந்த ஆளு தோப்பு நாசமாப் போகணும்னு என் தோப்புக் கொப்ப ஒடிச்சிட்டுப் போயி அவரு மரத்துல தேச்சுட்டு வந்தேன்."

தெற்குக் கட்சி பெருமையில் நெஞ்சு விம்மியது. வடக்குக் கட்சி வேட்டியை மடித்துக் கட்டியது. சங்கரபாண்டியன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பெருமையில் ஒரு பங்கு போய்விடும் போலத் தெரிந்ததும் அவரும் எழுந்தார்.

"அவரு மட்டும் என்ன, பெரிய இவரா? நானும்தான் தேச்சேன்."

காசிம்பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் மனித வழிதான், நடுத்தோப்பு பிழைத்தது என்றார். உலகம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். ஆனால் வேண்டுமென்றே நோய் பரப்பினால் இரண்டு வருஷம் ஜெயில் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, தெரியுமல்லவா என்று கேட்டார் தலைவர்.

தெரியும் என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பாயசம் இன்னொரு கரண்டி வேண்டுமா என்று கேட்டதற்கு ஆட்டுவது போல அத்தனை நிம்மதியாக ஆட்டினார்கள். மங்கைக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. கூர்ந்து பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவரும் தலைவரைப் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் உலகம்மாள் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய், பயந்து திரும்பி வந்தது.

சும்மா இருந்துவிடலாம் என்று மங்கை நினைத்தாள். தோப்பு பிழைத்தாகிவிட்டது. கிழவர்கள் ஜெயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அவளுக்கு என்ன வந்தது? பெட்டியை மூடினாள். அப்போது உலகம்மாள் கேட்டாள்.

"டாக்டரம்மா, ஒங்க பொட்டியும் இதத்தான் சொல்லுதா?"

உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கிருமி ஒரே ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று மங்கைக்குப் பட்டது.

"இல்லம்மா" என்றாள். "கெடுக்கணும்னு வந்தவங்க ஒரு தடவை வந்திருப்பாங்க. அப்போ ஒரு ரகக் கிருமிதான் இருக்கும். இங்க பதினோரு வருஷத்து ரகமும் இருக்கு, ரெண்டு மரத்துலயும். விரோதத்துல யாரும் பதினோரு வருஷம் விடாம வர மாட்டாங்க. அதுவும் மோட்டார் ரூம் பக்கத்துல, நிழல்ல, உக்காந்துக்கிட்டு."

இரண்டு கட்சியும் தங்கள் தங்கள் தலைவரைப் பார்த்தன.

சங்கரபாண்டியன்தான் முதலில் உடைந்தார். எல்லாம் இந்த மாப்பிள்ளையின் இலையால் வந்த வினை என்றார். நீர்மோரில் எலுமிச்சை இலையைக் கசக்கிப் போடவேண்டும். அதற்கு வாசம் வேண்டும். தெற்குத் தோப்பு இலையில் சாணி வாசம்தான் வரும். அதனால்தான் தன் தோப்பிலிருந்து புள்ளி விழுந்த இலையாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனார். புள்ளி விழுந்த வாழைப்பழம்தானே இனிக்கிறது, அப்படித்தான் இலையும்.

"ஆமா, பெரிய வாசம்" என்றார் கோமதிநாயகம். "உம்ம இலையப் போட்டா மோரு தைலம் மாதிரி இருக்கும். அதுக்குத்தான் உம்ம தோப்புக்கு வரும்போது நான் என் இலையக் கொண்டாந்தேன்."

"குடிச்சதும் சக்கையக் கொப்புல வீசுனது யாரு?"

"டம்ளரக் கழுவி மரத்து மேல தெளிச்சது யாரு?"

ஊரே வாய் பிளந்து நிற்க, மச்சானும் மாப்பிள்ளையும் இலைச் சண்டை போட்டார்கள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இதே சண்டையைப் போட்டுப் பழகியவர்கள் என்பது, யார் எப்போது மூச்சு வாங்குவார் என்று மற்றவர் தெரிந்துவைத்திருந்ததிலேயே விளங்கியது. தபால்காரர் தன் இரண்டாவது சைக்கிளை நினைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. பகை தொடங்கிய மறுமாசமே, வாய்க்கால் தண்ணீரைப் பற்றிச் சண்டை பிடிக்க ஒரு மத்தியானம் சங்கரபாண்டியன் தெற்குத் தோப்புக்குப் போயிருக்கிறார். உச்ச ஸ்தாயியில் திட்டும்போது விக்கிக்கொண்டது. விரோதியாக இருந்தாலும் விக்குகிறவனுக்கு ஏதாவது கொடுக்காமல் இருப்பது முறையில்லையே என்று கோமதிநாயகம் தூக்குவாளி மோரை நீட்டினார். ஒரு மிடறு குடித்த சங்கரபாண்டியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, திட்டியது பாதியில் நிற்கிறது என்று மறுபடி போனார். அதற்கு அடுத்த வாரம், பதில் திட்டு பாக்கி என்று கோமதிநாயகம் தூக்குவாளியோடு வடக்குத் தோப்புக்கு வந்தார்.

உலகம்மாள் எழுந்து வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. புருஷனைத் தாண்டி நடந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"நான் கடஞ்ச மோரா?"

சங்கரபாண்டியன் அவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "அம்ம கைத் தயிரு ஒற தாயி. நீ கல்யாணம் முடிச்சுப் போறப்ப கிண்ணத்துல கொண்டுபோனியே, அது. அம்ம போனதும் நம்ம வீட்டுல பாக்கெட் தயிரு வந்துட்டு. அந்த ஒற அத்துப்போச்சு. ஒங்கிட்டதான் இருந்துச்சு."

"கேட்டிருந்தா ஒரு கரண்டி ஒற குடுத்துவிட்டிருப்பேனே."

"ஒறய வாங்கிட்டா" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து, "பெறவு எதச் சாக்கு வச்சு வரதாம்?"

உலகம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஜெயில் இரண்டு வருஷம்தானே, இப்போதாவது அனுப்ப மாட்டார்களா என்பது போலக் கோமதிநாயகம் காசிம்பாவாவைப் பார்த்தார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அவர் இரக்கமில்லாமல் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் மோட்டார் அறை மரங்கள் இரண்டையும் வெட்டி எரித்தார்கள். நடுத்தோப்பில் ஓர் இலை உதிரவில்லை. உலகம்மாள் வீட்டுக்குப் போய்த் தயிர்ப் பானையைத் துணி போட்டுக் கட்டினாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய தெரு வழியாக, நட்டநடுவில் நடந்து, பிறந்த வீட்டுக்குள் போய்விட்டாள். எப்போது வருவாய் என்று பின்னாலேயே வந்து கேட்டவரிடம், பதினோரு வருஷம் ஆகும் என்றாள். வேடிக்கைக்குத்தான் சொல்கிறாள் என்று கோமதிநாயகம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மங்கை ஊருக்குக் கிளம்பினாள். பெரிய தெருவில் ஜீப் மெதுவாகத்தான் போக முடிந்தது; ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. வெறும் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் மச்சான் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வீட்டில் உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லையாம். கடையில் பாக்கெட் தயிர் கிடைக்கிறதே என்று மங்கை இறங்கிக் கேட்டதற்கு, அவர் பார்த்த பார்வையில் நாலு வீட்டுப் பால் திரிந்திருக்கும்.

கதவு திறந்தது. உலகம்மாள் வந்தாள். கையில் சின்னக் கரண்டி. தூக்குவாளியில் கொஞ்சம் ஊற்றினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ஏளா, ஒற ஊத்த இது காணாதே."

"காணாதுன்னு தெரியும்" என்றாள் உலகம்மாள், தெருவுக்கே கேட்கிற குரலில். "குடிக்கதுக்குத்தான் ஊத்துனேன். நாளைக்கும் இதே தெரு வழியா வாங்க."